எனக்கு முன்னால் இரண்டு பேர்

தராசு ரிப்பேர் பார்த்து நாற்பத்தொரு வருஷம் பிழைத்தவன் நான். கடைக்காரன் எப்படி ஏமாற்றுவான் என்பது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகு, வயிற்றைக் குடைந்த எடைக்கல், ஒரு காலை மட்டும் அறுத்துவிட்ட மேஜை, எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் தராசும் தன்னுடையது, கல்லும் தன்னுடையது, சரக்கும் தன்னுடையது என்று ஒரே ஆள் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வதை விமானக் கம்பெனியில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பாயின்ட் என்று பேர்.

நாலு வருஷத்துக்கு முன் என் மகள் ஒரு அட்டையைக் கையில் திணித்தாள்.

"எது வாங்கினாலும் இதுல வாங்குங்கப்பா. பாயின்ட் ஏறும். நிறைய ஏறினா பிளைட்ல சும்மா போகலாம்."

"சும்மா எவன் கூட்டிட்டுப் போவான்?"

"போய்ப் பார்த்துட்டுத் திட்டுங்க."

அந்தக் கம்பெனியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அரிசியிலிருந்து ஆணி வரைக்கும் அந்த அட்டையில் வாங்கினேன். அறுபத்திரண்டாயிரம் பாயின்ட் சேர்ந்தது.

இந்த மாதம் ஒன்றாம் தேதி அக்கா கூப்பிட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் மகனோடு இருக்கிறாள். வயது எழுபத்தாறு. இருதயத்தில் ஒரு வால்வு பழுது. பதினாலாம் தேதி ஆபரேஷன்.

"டேய், நெஞ்சைத் திறக்கப் போறாங்களாம். ஒரு தாளை நீட்டி கையெழுத்து போடுங்கறாங்க. நீ வந்து பார்த்துச் சொல்லு, அப்பதான் போடுவேன்."

"உன் புள்ளை பார்க்கக் கூடாதா?"

"டாக்டர் கேட்டா அவன் தன் கிட்னியையும் சேர்த்து எழுதிக் குடுப்பான்."

"ஃபோன்ல காட்டச் சொல்லேன்."

"ஃபோன்ல காட்டுற தாள் வேற, கையெழுத்து வாங்குற தாள் வேற. நான் என்ன நேத்து பொறந்தவளா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே ஒரு சிக்கல். நான் ஐந்தாம் வகுப்பு. அந்த ஊர்த் தாளில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. அது அக்காவுக்கும் தெரியும். எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, நீட்டுகிறவன் மூஞ்சியைப் படித்தால் போதும் என்பது எங்கள் இரண்டு பேருடைய கட்சி.

அவள் மகன் பிறகு தனியாகக் கூப்பிட்டான். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது நாலு மாதம் கழித்துத்தானாம். "நாலு மாசத்துக்கு நான் பொறுப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார் மாமா. எப்படியாவது வந்துடுங்க," என்றான். குரல் சரியாக இல்லை.

அந்த ஊருக்கு வாரத்துக்கு இரண்டு விமானம். பதினாலுக்கு முன்னால் இடமிருந்தது பன்னிரண்டாம் தேதி விமானத்தில் மட்டும்தான். அதிலும் காசுக்குத்தான் இடம். பாயின்டுக்கு இடமில்லை, வெயிட்டிங் லிஸ்டாம்.

"காசு கட்டியே எடுத்துடலாம்பா," என்றாள் மகள். விலையையும் சொன்னாள்.

"அந்தக் காசுக்கு விமானத்துல ஒரு சக்கரத்தையே கழட்டிட்டு வரலாம். அறுபத்திரண்டாயிரம் பாயின்ட் வேற எதுக்கு இருக்கு?"

"சரி, அவரோட பாயின்ட்ல போடலாம். அவர் கோல்டு கார்டு, சீக்கிரம் கிடைக்கும்."

அவர் என்றது என் மாப்பிள்ளையை. ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில், மெஷின் விற்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை பறக்கிறார். வீட்டில் அவர் பேசுவது இரண்டே வார்த்தை: சரிங்க மாமா. குழம்பில் உப்பில்லை என்றாலும் சரிங்க மாமா, உங்களுக்கு மூளையில்லை என்றாலும் சரிங்க மாமா. பதினோரு வருஷமாக எதிர்த்துப் பேசாத ஒரு ஆளை எப்படி நம்புவது? அதனால் நம்பவில்லை.

"எவர் பாயின்ட்லயும் நான் போக மாட்டேன். துணைக்குன்னு எவரும் கூட வரவும் கூடாது. வந்தா ஏர்போர்ட் வாசல்லேர்ந்தே திரும்பிடுவேன்."

"போன தடவை நீங்க வேற ஊர் பிளைட்டுக்குப் போய் வரிசையில நின்னீங்கப்பா."

"நின்னேன், ஏறலையே."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.

கம்பெனி ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, செருப்புக் கடைக்கு மேல் மாடி. கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். நல்ல பொறுமைசாலி. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஐயா, வெயிட்டிங் லிஸ்ட்ல நீங்க ஒண்ணாம் நம்பர்."

"எத்தனை சீட் விடுவீங்க?"

"அது சிஸ்டம் முடிவு பண்ணும்."

"சிஸ்டம் எந்த ரூம்ல உட்கார்ந்திருக்கு?"

"நம்ம ஊர்லயே இல்லைங்க ஐயா. இருந்தா நானே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

வரிசை என்றால் எனக்குத் தெரிந்து ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாத வரிசையில் எவன் வேண்டுமானாலும் நடுவில் நுழைவான். எனவே மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்குப் போய், கதவுக்கு நேரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் அவள் பூட்டுகிற வரைக்கும் காவல். மூன்று நாளில் படியேறி வந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் செருப்புக் கடையைத் தேடி வந்தவர்கள். ஒருவர் ஏசி ரிப்பேர்காரர். அவரையும் எங்கே போகப் போகிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஐயா, நீங்க இப்ப மூணாம் நம்பர்."

"வரிசை பின்னாடியும் போகுமா?"

"கோல்டு கார்டுக்காரங்க சேர்ந்தா அவங்க மேல போயிடுவாங்க. ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க."

"ஒருத்தரும் படியேறலையே. நான் கதவைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அவங்க வீட்லேர்ந்தே ஃபோன்ல போட்டிருப்பாங்க."

"யாரு அவங்க? பேரைச் சொல்லு."

"சொல்லக் கூடாதுங்க ஐயா. வேலை போயிடும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அந்த இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தேன். வக்கில்லாத பயல்கள், வாரிசு இல்லாத சொத்தா இது, கிழவன் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பின்பக்கமாக ஏறிக் குதித்த திருட்டுப் பூனைகள் என்று மேலும் கொஞ்சம். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மகள் அவர் தலையில் தட்டிக்கொண்டே, "விடுங்கப்பா, அவங்களுக்கும் என்ன அவசரமோ," என்றாள்.

"என்ன அவசரம்? ஊர் சுத்திப் பார்க்கப் போற ஜோடியா இருக்கும். நல்லா இருக்கட்டும். அங்க போய் இறங்கின உடனே ரெண்டு பேருக்கும் வயித்தால போகட்டும்."

"சரிங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, தண்ணீரைக் குடித்துவிட்டு.

ஏழாம் தேதி காசு டிக்கெட்டும் தீர்ந்துபோனது. பள்ளிக்கூட லீவாம். காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கே தனியாக ஒரு வெயிட்டிங் லிஸ்ட் போட்டுவிட்டார்கள். மகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அக்கா மட்டும் தினமும் கூப்பிட்டு, "கிளம்பிட்டியா?" என்றாள். "இதோ," என்றேன்.

ஒன்பதாம் தேதி காலை டீ குடித்துக்கொண்டிருந்தோம். மகளின் ஃபோன் கிணுகிணுத்தது. அடுத்த நொடி மாப்பிள்ளையின் ஃபோனும். இரண்டு பேரும் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு என் ஃபோனைப் பார்த்தார்கள். அது பேசாமல் கிடந்தது.

"அப்பாவுக்கும் வரும்," என்றாள் மகள்.

"என்ன வரும்?"

பத்து நிமிஷம் காத்திருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். நான் தனியாகப் போனால் வழியில் எங்கேயாவது தொலைந்துபோவேன் என்று இவர்களுக்குப் பயம். துணைக்கு வந்தால் திரும்பிவிடுவேன் என்று நான் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அதனால் எனக்குத் தெரியாமல் அதே விமானத்தில் பின் வரிசையில் ஏறிக்கொள்வதாகத் திட்டம். கோல்டு கார்டும் அதன் கூட வருகிறவரும் நேரே என் தலைக்கு மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி விட்டது இரண்டே சீட். இரண்டும் இவர்களுக்கு. நான் மறுபடியும் ஒண்ணாம் நம்பர். ஐந்து நாளாக நான் சாபம் கொடுத்த ஜோடி என் வீட்டில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

மூன்று பேருமாக ஆபீஸ் மாடி ஏறினோம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோதே அவளுக்கு முதலிலிருந்து தெரியும் என்று தெரிந்தது. வீட்டு முகவரி மூன்றும் ஒன்றுதானே.

"முதல்லயே அவரோட பாயின்ட்ல ஐயாவைச் சேர்த்திருந்தா, ஐயாவும் கூடவே மேல போயிருப்பாரு," என்றாள்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"என் சீட்டை அப்பா பேருக்கு மாத்துங்க," என்றாள் மகள்.

"பேர் மாத்த முடியாதுங்க. கேன்சல்தான் பண்ணலாம். கேன்சல் பண்ணா அந்த சீட் திரும்ப பாயின்டுக்கே வரும்னு சொல்ல முடியாது. காசு லிஸ்ட்ல பதினேழு பேர் நிக்கறாங்க."

"ஒண்ணாம் நம்பர் இவர்தானே? பண்ணுங்க."

"யோசிச்சுக்கோங்க மேடம்."

"பண்ணுங்க."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். நாங்கள் நாலு பேரும் திரையைக் குனிந்து பார்த்தோம். தராசு முள் நடுவுக்கு வருமா என்று ஆயிரம் தடவை இப்படிக் குனிந்து பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் முள் கண்ணுக்குத் தெரிந்தது.

"போயிடுச்சுங்க. காசு லிஸ்ட்ல யாரோ எடுத்துட்டாங்க."

ஆக, மகளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சீட் வைத்திருப்பது மாப்பிள்ளை ஒருவர் மட்டும். அக்காவை அவர் கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

அவர் ஃபோனை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். "என்னோடதையும் கேன்சல் பண்ணிடுங்க. மாமாவுக்கு ஒரு வேளை கிடைக்கலாம்."

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். விரல் பொத்தான் மேல் இருந்தது.

"கையை எடும்மா," என்றேன். "இருக்கிற ஒண்ணையும் காத்துல விடறதுக்கா இங்க வந்தோம்? மாப்பிள்ளை, நீங்க போங்க. அந்தத் தாளைப் பார்த்துட்டு என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."

பன்னிரண்டாம் தேதி போனார். வேறு ஊர் விமானத்துக்குப் போய் நிற்கவில்லை. பதின்மூன்றாம் தேதி மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். அக்கா பேசினாள். பின்னால் யாரோ அவசரப்படுத்துகிற சத்தம்.

"நீ வர்றேன்னு சொல்லிட்டு யாரையோ அனுப்பியிருக்க?"

"யாரோ இல்லக்கா, நம்ம மாப்பிள்ளை. தாளைப் படிச்சாரா?"

"படிச்சான். ஒரு மணி நேரம் டாக்டரைப் போட்டு உலுக்கிட்டான். மூணாம் பக்கத்துல ஏதோ ஒரு வரியை அடிக்கச் சொல்லி, அந்த ஆளும் அடிச்சுக் குடுத்துட்டான். இந்த மெஷின் எல்லாம் இவனுக்குத் தெரியுமாம். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. ரெண்டு பேரும் ஒரே பாஷை பேசறாங்க."

"அக்கா, அவர் நல்லவர். நம்பிக் கையெழுத்து போடு."

அக்கா ஃபோனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டது மூச்சில் தெரிந்தது.

"டேய்," என்றாள் மெதுவாக. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஏன்?"

"உன்னை மிரட்டிச் சொல்ல வெக்கறாங்களா? ஆமான்னா ஒரு தடவை இருமு."

"யாரும் மிரட்டலை. நானாத்தான் சொல்றேன்."

"எழுபது வருஷத்துல ஒருத்தனை நீ நல்லவன்னு சொல்லி நான் கேட்டதில்ல. நம்ம அப்பாவையே சொன்னதில்ல. உனக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் போட மாட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. அக்கா மகன் கெஞ்சுவது கேட்டது. நாலு மணிக்குள் தாள் போகாவிட்டால் நாளைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அங்கேயும் ஒரு வெயிட்டிங் லிஸ்ட்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி, கேளு. ராத்திரி அவர் விடற குறட்டைக்கு ஜன்னல் ஆடும். ஈரத் துண்டைக் கொண்டுபோய் என் நாற்காலி மேலதான் போடுவார். பதினோரு வருஷமா சொல்றேன், சரிங்கறார், மறுநாளும் போடறார். என் கண்ணாடியை ஒரு தடவை மேல உட்கார்ந்து உடைச்சுட்டு, பூனை உடைச்சதுன்னு சொன்னார். வீட்ல பூனையே கிடையாது. பொய் சொல்லவும் வராது. சொன்னா காது சிவந்துடும். காதைப் பாரு இப்ப."

"சிவக்கலை," என்றாள் அக்கா.

"கணக்குல கெட்டி, ஆனா கஞ்சம். டீக்கடையில சில்லறை எண்ணாம நகர மாட்டார்."

"எண்ணுவானா?"

"ரெண்டு தடவை எண்ணுவார். இங்க எனக்கு முன்னால இருந்த சீட்டைப் பின்பக்கமா வந்து அமுக்கினதும் இவர்தான். அஞ்சு நாள் என் வாயால திட்டு வாங்கிட்டு அதே மேஜையில உட்கார்ந்து ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்."

"அப்ப சரி," என்றாள் அக்கா. யாரிடமோ, "பேனாவைக் குடு," என்றாள். காகிதம் சரசரத்தது. பிறகு ஃபோன் கட்டாகிவிட்டது.

மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனையும் மனசுக்குள்ள வெச்சிருந்தீங்களாப்பா?"

"இன்னும் இருக்கு," என்றேன். "அவ சீக்கிரம் கையெழுத்து போட்டுட்டா."