சைக்கிள் எடுக்காத நாட்கள்

அப்பா இறந்த அன்று காலையிலும் கதிரேசன் சைக்கிள் ஓட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். செம்பாக்கத்தில் கிளம்பி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நாவலூர் வரை போய்த் திரும்பினான். குளித்துவிட்டு அப்பாவுக்கு முகம் துடைத்துக் கஞ்சி ஊட்டினான். மதியம் தூங்கியவர் அப்புறம் எழவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாகப் பக்கவாதத்தில் படுத்திருந்தவர் என்பதால் யாரும் திடுக்கிடவில்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், மனைவி சத்யபிரியா அந்த அறையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கதிரேசன் அனகாபுத்தூரில் இருக்கும் அக்கா தனத்துக்கு போன் செய்து சொன்னான்.

போனைக் கீழே வைத்த மறுகணம் அவனுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. நல்லவேளை, இன்றைக்கு ஓட்டி முடித்தாகிவிட்டது.

தனக்கு அப்படித் தோன்றியதை அவனாலேயே நம்ப முடியவில்லை. அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கதிரேசனுக்கு நாற்பத்து நான்கு வயது. நாவலூரில் ஓர் ஐ.டி. வளாகத்தில் லிஃப்ட், ஏ.சி., ஜெனரேட்டர் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பா பக்தவச்சலம் மாநகரப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருந்தபோது, டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகையில் சுருண்டு விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அப்போது கதிரேசன் நல்ல பருமன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனையும் உட்காரவைத்து பி.பி. பார்த்தார். "உங்களுக்கும் அப்பா மாதிரியேதான் இருக்கு சார். இப்படியே உடம்பை அசைக்காம இருந்தீங்கன்னா..." என்றவர் மீதியைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

சொல்லாமல் விட்ட அந்த மீதி கதிரேசனிடம் தங்கிவிட்டது. அடுத்த மாதமே ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். எடை இறங்கியது, பி.பி. இறங்கியது, மாத்திரையைக் குறைத்தார்கள். 'தாம்பரம் பெடலர்ஸ்' என்ற குழுவில் சேர்ந்தான். அங்கே சேலையூரைச் சேர்ந்த ஜாய்சன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் அவனுக்கு நெருங்கிய நண்பனானான். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் ஒருநாள்கூட நிறுத்த அவனால் முடியவில்லை.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும், தசைகள் தேறுவது அன்றைக்குத்தான் என்று குழுவில் எல்லோரும் சொல்வார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குக் கதிரேசனும் அதையே சொல்வான். தான் மட்டும் எடுக்கமாட்டான். ஒருமுறை முழங்கால் வீங்கி, ஒரு வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஓட்டாதவனுக்கு எதற்குச் சாப்பாடு என்பதுபோல ஒரு இட்லியோடு எழுந்துகொண்டான். டி.வி.யை நின்றுகொண்டே பார்த்தான். வீங்கிய காலோடு மொட்டைமாடிக்கு ஏறி இறங்கினான். "கொஞ்சம் உட்காருங்களேன்" என்று சத்யபிரியா சொன்னதற்கு எரிந்து விழுந்தான். இரவில் கை மரத்துப்போனால் எழுந்து உட்கார்ந்து, வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பான். இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. கணவனுக்கு சைக்கிள் பைத்தியம் என்றே சத்யபிரியா நினைத்திருந்தாள்.

அப்பாவுக்குக் கொள்ளிவைத்து, மொட்டையடித்து, மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். பதினாறாம் நாள் காரியம். அதுவரை தேவையில்லாமல் வெளியே சுற்றக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆபீசில் லீவு கொடுத்தார்கள். தனம் இங்கேயே தங்கிக்கொண்டாள். ஹாலில் அப்பாவின் போட்டோவுக்கு முன் விளக்கு எரிந்தது. அது அணையாமல் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தார்கள். துக்கம் விசாரிக்க வருபவர்களுக்கெல்லாம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. கஞ்சி குடிச்சாரு, தூங்கினாரு, எழுந்திருக்கல. பின்னறையில் மெத்தையை எடுத்துவிட்ட இரும்புக் கட்டில் வெறுமனே கிடந்தது. அந்த அறைப் பக்கம் போகவேண்டி வந்தால் கதிரேசன் பார்வையைத் திருப்பிக்கொண்டு போனான்.

முதல் இரண்டு நாள் அலைச்சலில் தெரியவில்லை. அதற்குப் பிறகு விடியற்காலையில் தானாக விழிப்பு வந்தது. கால்கள் துடித்தன. அப்பா செத்துப்போயிருக்கும்போது சைக்கிளை நினைக்கிறோமே என்று ஒருபக்கம் வெட்கம். இப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம் கலக்கம். எதை நினைத்தாலும் குற்றமாகவே பட்டது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் விடிகாலையில், "பால் வாங்கிட்டு வரேன்" என்று சத்யபிரியாவிடம் சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் இருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மொட்டைத்தலையில் ஹெல்மெட் நிற்காமல் ஆடியது. பால் பூத் வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டான். பூத்தைத் தாண்டினான். ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மேடவாக்கம் வந்தபோது பல நாட்களுக்குப் பிறகு மூச்சு முழுதாக இறங்கியதுபோல் இருந்தது.

சோழிங்கநல்லூர் சிக்னலுக்குப் பக்கத்து டீக்கடையில் பெடலர்ஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஜாய்சன்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணா... நீங்களா?"

கதிரேசன் பிரேக் பிடித்தான்.

"காரியமெல்லாம் முடிஞ்சிருச்சாண்ணா?"

"இல்ல. சும்மா... பால் வாங்க வந்தேன்."

செம்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் பால் வாங்க வந்தவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு டீ சாப்பிடுங்கண்ணா" என்றான் ஜாய்சன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கதிரேசன் வந்த வழியே திரும்பினான். திரும்பி வரும் வழி முழுவதும் எதிர்க்காற்று.

வீட்டு வாசலில் யாருடைய செருப்புகளோ கிடந்தன. அப்பாவோடு டிப்போவில் வேலை பார்த்த இரண்டு பேர் துக்கம் கேட்க வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் டிகாஷன் போட்டுவைத்துக்கொண்டு தனம் காத்திருந்தாள்.

"பால் எங்கடா?"

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. வெறுங்கையோடு நின்றான். வியர்வையில் பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. சத்யபிரியா பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிவந்து காபி போட்டாள். அவர்கள் குடித்துவிட்டுக் கிளம்பும்வரை தனம் பொறுத்திருந்தாள்.

"இன்னாடா நெனச்சிகினு கீற நீ? அப்பா போயி முழுசா ஒரு வாரம் ஆவல. மொட்டத் தலையோட சைக்கிள்ள சுத்திகினு வர்ற. பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா."

"நான் சொல்றேன். அவரு படுத்துகினு இருந்தப்பவும் நீ இப்படித்தான். நான் எப்ப வந்தாலும் 'அவரு சைக்கிள்ள போயிருக்காரு'ன்னு பிரியா சொல்லும். இந்தாண்ட மனுஷன் பொரண்டு படுக்க முடியாம கெடக்காரு. நீ பாட்டுக்கு அவரு எதிருக்க டவுசரப் போட்டுகினு கெளம்பிப் போற. அவருக்கு எப்படிடா இருந்திருக்கும்?"

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் சத்யபிரியா. "மாமாவை டெய்லி குளிப்பாட்டினது, துணி மாத்தினது எல்லாம் இவர்தான். முதுகுல ஒரு புண்ணு வர விட்டதில்ல."

"அது எனக்குத் தெரியாதா பிரியா? தெரிஞ்சிதான் கேக்கறேன். எல்லாத்தையும் பாத்தவன் இப்ப பத்து நாள் சும்மா ஒக்காந்தா இன்னா கொறஞ்சிடும்?"

கதிரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஓட்டலன்னா நானும் அப்படிப் படுத்துடுவேன்க்கா."

"இன்னாது?"

"ஒருநாள் விட்டாக்கூட அந்தக் கட்டில் ஒரு அடி கிட்ட வர்ற மாதிரி இருக்கு. அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அடுத்து நான்தான்னு தோணும். ராத்திரி முழிச்சிக் கை அசையுதான்னு பார்ப்பேன். நான் ஆசைக்கு ஓட்டல. பயந்துகிட்டு ஓட்டறேன்."

சத்யபிரியா கையிலிருந்த டம்ளரை மேடையில் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதைக் கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. தனத்தின் கோபம் உடனே இறங்கிவிடவில்லை. ஆனால் குரல் மாறியிருந்தது.

"எனக்கும்தான் பி.பி. கீது. மாத்திர போட்டுகினு கீறேன். நானும் அவரு பொண்ணுதானே?"

கதிரேசன் திரும்பிப் பார்த்தான். "எப்போலேர்ந்து?"

"நாலஞ்சு வருஷமா."

"சொல்லவே இல்லையேக்கா."

"நான் வர்றப்ப நீ எங்க வூட்ல இருந்த, சொல்றதுக்கு?"

அப்பாவின் உடம்பு தனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று அவன் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் பக்கம் அந்த நினைப்பு போனதே இல்லை.

"மாமா காலையில முழிச்சதும் வாசலைத்தான் பார்த்துட்டிருப்பார்" என்று சத்யபிரியா சொன்னாள். "இவர் வர்ற வரைக்கும் அப்படியே பார்ப்பார். சைக்கிள் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்குவார்."

"எதுக்கு?" என்றான் கதிரேசன்.

"தெரியல. தினமும் அப்படித்தான்."

அப்பா காத்திருந்தாரா, பொறாமைப்பட்டாரா, பத்திரமாக வந்துவிட்டான் என்று நிம்மதியானாரா என்பதை இனிமேல் யாரிடமும் கேட்க முடியாது. கதிரேசன் பின்னறைக்குப் போய் அந்தக் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தான். அப்பா இறந்தபிறகு முதல்முறையாக அங்கேதான் அழுதான். தனம் வந்து நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு காரியம் முடியும்வரை அவன் சைக்கிளை எடுக்கவில்லை. சுலபமாக இருந்தது என்று சொல்ல முடியாது. விடியற்காலை விழிப்பு வந்தது, கால் துடித்தது, ஏதோ செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் மாமியாரைப் பற்றி, வீட்டருகே ஓடும் ஆற்றில் வெள்ளம் வந்தால் வீட்டுச் சாமானை மாடிக்கு ஏற்றும் பாட்டைப் பற்றிப் பேசினாள். மதியங்களில் பாயில் படுத்தவன், எப்போது தூங்கினான் என்று தெரியாமல் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜாய்சன் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்தான். போட்டோவுக்கு முன் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன, ரைடுக்கு வரச் சொல்ல வந்தியா?" என்றான் கதிரேசன்.

"இல்லண்ணா. வராதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு உங்களைப் பார்த்ததுக்கப்புறம் எங்க யாருக்கும் மேல ஓட்ட மனசு வரல. எல்லாரும் அங்கயிருந்தே திரும்பிட்டோம்."

கதிரேசன் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் அந்த வாரம் கேட்ட முதல் சிரிப்பு அது. தனம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கட்டிலை யாரோ ஒரு நோயாளிக்காகக் கேட்டு வாங்கிப்போனார்கள். அனகாபுத்தூருக்குக் கிளம்புமுன் தனத்தைக் கதிரேசன் டாக்டரிடம் அழைத்துப் போனான். அவனுக்கு பி.பி. வழக்கம்போலவே இருந்தது. இத்தனை நாள் சும்மா இருந்தும் ஏறவில்லை. தனத்துக்குத்தான் அதிகமாக இருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றி, வாராவாரம் புதன்கிழமை வந்து காட்டச் சொன்னார்.

"ஒத்தையில ரெண்டு பஸ் மாறி வரணுமே" என்றாள் தனம்.

"நான் வந்து கூட்டிட்டு வரேன்க்கா" என்று கதிரேசன் சொன்னான். சொன்ன பிறகுதான், அப்படியானால் புதன்கிழமை காலை சைக்கிள் இல்லை என்பது உறைத்தது.

மறுநாள் மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தான். குழு மகிழ்ச்சியாக வரவேற்றது. தொடை வலித்தது, மேடவாக்கம் மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது, ஆனாலும் நன்றாக இருந்தது. முதல் புதன்கிழமை மட்டும் படுமோசமாகப் போனது. பல் தேய்க்கும்போதே கை சைக்கிள் மணியைத் தேடியது. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனான். அனகாபுத்தூர் சந்துகளில் தேவைக்கு மேல் வேகமாக நடந்தான். டாக்டரிடம் கூட்டிவரும் பஸ்ஸில் தனம், "கால் வலிக்குது, நீயும் ஒக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பல்லாவரம் தாண்டுமுன் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் எழுந்துவிடுவாள் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று அன்று சாயங்காலம் சத்யபிரியா கேட்டாள்.

"ஒரு மாதிரிதான் இருக்கு. போயிருக்கலாமோன்னு மனசுல ஓடிட்டே இருக்கு."

"ஓடட்டும். தோசை இன்னொண்ணு போடவா?"

"போடு" என்றான்.

வியாழக்கிழமை விடியற்காலை நல்ல மழை. அலாரம் அடித்ததும் கதிரேசன் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும்போலத்தான் இருந்தது. விட்டதும் கிளம்பலாமா என்று யோசித்தபடி சிறிது நேரம் நின்றான். பிறகு அலாரத்தை அணைத்துவிட்டு வந்து போர்த்திக்கொண்டு படுத்தான்.