பல் ஆடியதா, வண்டி ஆடியதா?

பல் டாக்டருக்குத் தான் கட்டிக்கொடுக்கும் பல் செட்டைப் பற்றி அசாத்தியப் பெருமை. செட் போட்டுக்கொண்டவர்களை பஸ் நிறுத்தத்தில் பார்த்தாலும் சரி, கடைத்தெருவில் பார்த்தாலும் சரி, "கொஞ்சம் சிரிங்க, பாப்போம்" என்று நிறுத்தி வைத்துச் சிரிக்கச் சொல்வார். அதே அளவு பெருமை தன் பழைய காரைப் பற்றியும் உண்டு. ஆனால் அதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

அந்தக் கார் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குலுங்க ஆரம்பித்தது. முதலில் குளிர்காய்ச்சல் வந்தவர் மாதிரி லேசாக, பிறகு போர்வை போட்டும் அடங்காத மாதிரி. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எஞ்சினைத் தாங்குற மவுண்டிங் ரப்பர் மூணும் வெடிச்சுப் போச்சு டாக்டர். புதுசு மாட்டினா சரியாயிடும். பழைய மாடல், ரப்பர் வரக் கொஞ்ச நாளாகும்."

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். டாக்டரோடு அவருடைய மச்சானும் வந்திருந்ததால் முடியவில்லை. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சொந்தமாகக் கார் கிடையாது, ஓட்ட லைசென்ஸும் கிடையாது. ஆனால் காரைப் பற்றி அவர் போனில் பார்க்காத வீடியோ கிடையாது. குடும்பத்தில் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர். யார் வைத்த பெயர் என்று விசாரித்தால், அவரே வைத்துக்கொண்டது என்று தெரியவரும்.

"ரப்பரே எதுக்கு மாமா?" என்றார் நிபுணர். "ரேஸ் கார்ல ரப்பரா வச்சிருக்கான்? கெட்டி இரும்பு! எஞ்சின் ஒரு நூல் அசையாது. ரப்பர்ங்கிறது எஞ்சினுக்கும் நமக்கும் நடுவுல நிக்கிற புரோக்கர். அவனைத் தூக்கிட்டு நேரா பேசுங்க."

புரோக்கர்களால் ஏற்கெனவே நொந்துபோயிருந்த டாக்டருக்கு இது சட்டென்று பிடித்துப்போயிற்று. இருந்தாலும் படித்தவர் அல்லவா, ஒரு கேள்வி கேட்டார்.

"எஞ்சின் அசையலைன்னா அந்த அதிர்வெல்லாம் எங்கப்பா போகும்?"

"எங்கயாவது போகும் டாக்டர்" என்றார் மெக்கானிக். புதிதாக வாங்கிய லேத்தில் எதையாவது கடைந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. இரும்பு மவுண்டிங் மூன்றும் அன்று மாலைக்குள் பளபளவென்று தயாராகி, எஞ்சினுக்கு அடியில் ஏறி உட்கார்ந்தன.

அதிர்வு எங்கே போனது என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் போனது. சீட்டுக்குப் போனது. பின்னால் வரும் ஒரு லாரி கண்ணாடியில் மூன்று லாரியாகத் தெரிந்தது. முன் சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியின் மூடி தானாகத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொட்டியது. மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒரே ஒரு நாள் அந்த வண்டியில் பள்ளிக்குப் போனார். "முதல் பீரியடு முழுக்க போர்டு ஆடுதுங்க. நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் அசரவில்லை. பழைய கார் பிரியர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் 'இன்று முதல் நானும் எஞ்சினும் ஒன்று' என்று எழுதினார். கைதட்டல்கள் குவிந்தன. 'நானும் இரும்புதான், ரோட்டை உணர வேண்டுமென்றால் வேறு வழியில்லை' என்று பலர் எழுதினார்கள். அதன் பிறகு ரப்பர் என்று வாய் திறக்க முடியுமா?

இப்படி இருக்கையில் மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டி வந்தது. மாமியார் வாயில் இருந்த பல் செட், மாப்பிள்ளை ஆசையாகக் கட்டிக்கொடுத்தது. முதல் சிக்னலில் வண்டி நின்றதும் அது கடகடவென்று அடித்துக்கொண்டது.

"மாப்பிள்ளை, நான் சும்மாதான் இருக்கேன். என் பல்லு தானாப் பேசுது" என்றார் மாமியார், தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு.

டாக்டருக்கு தர்மசங்கடம். ஒன்று வண்டி மோசம், இல்லையென்றால் செட் மோசம். குழுவில் வாங்கிய கைதட்டல் கண்முன்னால் வந்து போயிற்று.

"ஈறு சுருங்கியிருக்கும் அத்தை. செட்டு லூசாயிடுச்சு. கிளினிக் வாங்க, சரி பண்ணிடுறேன்."

மாமியார் கிளினிக்குக்கு வந்தார். வந்தவர் காத்திருந்தவர்களிடம் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளையே ஒத்துக்கிட்டாரு. அவர் கட்டுற செட்டு கொஞ்ச நாள்ல ஆடுமாம். உங்களுதையும் எதுக்கும் பாத்துக்குங்க" என்றார். அடுத்த வாரம் டாக்டர் கட்டிய செட்டெல்லாம் அவரவர் வாயோடு திரும்பி வந்து வரிசையில் உட்கார்ந்தன.

இதற்குள் இன்னொரு தலைவலி. தினமும் நெடுந்தூரம் ஸ்டியரிங்கைப் பிடித்து வந்ததில், காலை நேரத்தில் டாக்டரின் கை நடுங்கியது. பல்லைத் தட்டிப் பார்க்கும் கம்பி, தட்ட வேண்டாத பல்லையும் தட்டியது. மதியத்துக்கு மேல்தான் கை நிதானத்துக்கு வரும். காலையில் நடுக்கம், மாலையில் நிதானம் என்றால் ஊர் என்ன நினைக்குமோ அதைத்தான் நினைத்தது.

மனைவியின் காதுக்கு விஷயம் பள்ளிக்கூடத்திலேயே வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்க குடிக்கிறீங்களாம். ஊரே பேசுது. இல்லைன்னு சொல்லுங்க."

"கார்னாலதான் கை ஆடுதுன்னு சொன்னா சிரிப்பாங்களே."

"அதுக்காக, குடிகாரன்னு சொன்னாப் பரவாயில்லையா?"

டாக்டர் யோசித்தார். பதில் சொல்லாமல் அவ்வளவு நேரம் யோசித்ததுதான் மனைவிக்குத் தாங்கவில்லை. நேராகத் தன் அம்மாவிடம் போய், கார் விஷயத்தையும் சொல்லி அழுதார்.

மாமியாருக்கு மகள் அழுதால் பொறுக்காது. மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குக் கிளம்பி வந்தார். அங்கே ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் கீழ்ச் செட்டைக் காட்டக் காத்திருந்தார்.

"ஐயா, உங்க பல்லு வீட்டுல ஆடுதா?"

"இல்லம்மா. நீங்க சொன்னீங்கன்னு பயந்து வந்தேன்."

"அப்ப மாப்பிள்ளை வண்டியில ஒரு சுத்து போய்ட்டு வருவோம், வாங்க."

மாப்பிள்ளையால் மறுக்க முடியவில்லை. முன்னால் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நீதிபதி, பின்னால் மாமியாரும் செட் போட்ட இன்னொரு அம்மாவும். சிக்னலில் வண்டி நின்றது. மூன்று வாய்களும் ஒரே நேரத்தில் கடகடத்தன. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் தன் வண்டியில்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று குனிந்து பார்த்தார்.

திரும்பும்போது அதில் ஏற மாட்டேன் என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட, மூவரும் வாடகைக் காரில் வந்தார்கள். அதில் ஒரு பல்லும் முணுமுணுக்கவில்லை. கிளினிக்கில் நீதிபதி தண்ணீர் கேட்டார். டம்ளரை வாங்கிய கை நடுங்கி, பாதி சட்டையில் கொட்டியது. அவர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டாக்டர் குடிக்கிறார்னா, இன்னைக்கு நானும் குடிச்சிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை, உங்க வாயால சொல்லுங்க" என்றார் மாமியார்.

டாக்டர் எழுந்து நின்றார். "அத்தை பல்லு ஆடலை. யார் பல்லும் ஆடலை. என் வண்டிதான் ஆடுச்சு" என்றார். இதைச் சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இதற்கா இத்தனை நாள்?

மெக்கானிக்கிடம் சொல்லிவைத்த ரப்பர் வந்தது. மாட்டிய அன்று சிக்னலில் நின்றபோது, எஞ்சின் அணைந்துவிட்டது என்று நினைத்து டாக்டர் மறுபடி சாவியைத் திருகினார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் கிறீச்சென்று கத்தியது. வெட்கமாக இருந்தாலும் அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. நிபுணரோ, "இரும்பு போட்டுப் பாத்ததாலதான் மாமா உங்களுக்கு ரப்பரோட அருமை தெரிஞ்சுது" என்று தன் பங்கை வசூலித்துக்கொண்டார்.

குழுவில் டாக்டர் உண்மையை எழுதினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்று மாலையிலிருந்து தனித்தனியாகச் செய்திகள் வர ஆரம்பித்தன. 'ரப்பர் எங்கே கிடைக்கும்? நான் கேட்டதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.' எல்லோரும் இதையேதான் கேட்டார்கள்.

மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்தார். "இப்ப வண்டி பஞ்சு மாதிரி இருக்கும்மா. வா, ஸ்கூல்ல விட்டுடறேன்."

"வேண்டாங்க" என்றார் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. "பஸ்ல எனக்கு நாலு சிநேகிதிங்க இருக்காங்க."