குழாய் வளைவுக்கு ஒரு குற்றவாளி தேவை

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் நான் திருடியது. அக்காவும் அத்தானும் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்த மௌனத்தை நான் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இருவருக்கும் ஒரே அனல் மின்நிலையத்தில் வேலை. அக்கா கட்டுப்பாட்டு அறையில் இருந்து இயந்திரத்தை ஓட்டுகிறவள். அத்தான் நீராவிக் குழாய்களைச் சோதிக்கிறவர்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘குழாய் பயங்கரச் சத்தத்தோடு வெடித்துச் சிதற, அங்கே—’

(அத்தான் படித்துவிட்டுச் சிரித்தார். “வெடிக்க வெச்சுட்டா உன் வேலை முடிஞ்சுது மச்சான். அது வெடிக்காம இருந்த வருஷத்தையெல்லாம் யாரு எழுதுவா?”)

2

சரி, வெடிக்காத குழாய். வெப்பம் தாங்குவதற்கென்றே செய்த எஃகு. சூட்டிலேயே இருந்தால் மெல்லத்தான் தளரும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றுவதுதான் அதை இன்னும் சோர்வடைய வைக்கிறது. அவசரமாக ஏற்றினால் உள்பக்கம் முதலில் விரியும். வெளிப்பக்கத்துக்கு இன்னும் தகவலே போயிருக்காது. இப்படி இழுத்து இழுத்து, பல வருடம் கழித்து, மயிரிழை அளவில் ஒரு விரிசல்.

(இங்கே கல்யாண வாழ்க்கையோடு ஓர் ஒப்புமை இருந்தது. அக்கா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள்.)

3

நிறுத்தி வைத்திருந்த இயந்திரத்தை அன்று மாலை ஓட்ட வேண்டும். காலையில் அத்தான் சோதித்தபோது குழாய் வளைவில் விரிசல் தெரிந்தது. அதைக் கடைசியாகச் சூடேற்றியது அக்கா. மேலாளர் அவசரப்படுத்தியதால் விதித்த வேகத்தைத் தாண்டித்தான் ஏற்றியிருந்தாள்.

“அப்போ நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடுங்க.”

“ஒரு நாள்ல வர்ற விரிசலா இது? வருஷக்கணக்கா எல்லாரும் சேர்ந்து பண்ணது.”

“எல்லாரையுமா வீட்டுக்கு அனுப்புவாங்க? கடைசியா தொட்டது யாருன்னுதான் பாப்பாங்க.”

“சரி, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடவா?”

“சொல்லுங்களேன். சாயங்காலம் அந்தக் குழாய் பக்கத்துல இருக்கப்போறதும் நான்தான்.”

நான் திருடிய மௌனம் இதற்கு அடுத்தது.

4

எஃகு குற்றவாளியைக் கேட்பதில்லை, கதைதான் ஒரு குற்றவாளி வேண்டும் என்கிறது. மேலாளருக்கு ஒரு கெட்ட சிரிப்பு கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பாவம், அவர் தலைக்கு மேலும் ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார்.

5

முடிவு ஒன்று: “ஓட்டலாம்” என்கிறார் அத்தான். குழாய் தாங்குகிறது. அத்தான் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

முடிவு இரண்டு: “வேண்டாம்” என்கிறார். அவருக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். அக்காவுக்கு வேலை போகிறது. கேடயத்தை வீட்டில் எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

முடிவு மூன்று: அக்காவே மேலாளரிடம் போய், கண்கள் பனிக்க—

(“எனக்குத் தியாகி வேஷம் போட்டு நீ பேர் வாங்கப் பாக்குறியா? உதை வாங்குவ.”)

6

மூன்றும் போயிற்று. மேசைக்கே திரும்புகிறேன். அக்கா எழுந்து வேலைக்குக் கிளம்புகிறாள். அத்தானின் போன் அடிக்கிறது. மேலாளர்.

“என்ன சார், ஓட்டலாமா?”

அத்தான் போனை என் பக்கம் நீட்டுகிறார். நீதானே எழுதுகிறாய் என்கிற பார்வை. குழாயைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நான் அதை உங்கள் பக்கம் நீட்டுகிறேன்.

அக்கா வாசலில், ஒரு காலில் மட்டும் செருப்போடு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.