உப்புத்தாள் தேச்ச டயர்

1

இந்தக் கதை எங்க பொறந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். மேலசிந்தாமணில, காவேரிப் பாலம் ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னால, ஒரு ஆளு மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுட்டு, குந்தி உக்காந்து, பின்சக்கரத்து டயரோட ஓரத்தை உப்புத்தாள் வச்சுத் தேச்சுட்டு இருந்தாரு. டயரைத் தேய்க்கிறதுக்குத்தான் ரோடு இருக்கே, உப்புத்தாள் எதுக்கு? நின்னு கேட்டேன். நிமிந்து பாத்தாரு. "சும்மா"ன்னாரு. மறுபடி தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு.

அந்த சும்மாவைத் தூக்கிட்டு வந்து வச்சுக்கிட்டுதான் இத்தனை நாளா உக்காந்திருக்கேன். அந்த ஆளுக்குத் தைரியராஜ்னு பேரு வச்சேன். வயசைக் கொறைச்சேன். பாலக்கரைல வீடு பாத்துக் குடுத்தேன். கைலாசபுரத்து ஃபேக்டரில வேலை போட்டேன். இவ்வளவு செஞ்சும் கதை ஸ்டார்ட் ஆகல. கிக்கரை உதைச்சு உதைச்சு கால்தான் வலிக்குது.

2

முதல் ஆரம்பம்: "1979ஆம் ஆண்டு, பனி விலகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், யெஸ்டி மோட்டார் சைக்கிளின் இடிமுழக்கம்—"

வேணாம். இப்படி யாரு பேசுறா?

ரெண்டாவது: "தைரியராஜ் வேகத்தைக் காதலித்தான். வேகமோ அவனை—"

இது அதைவிட மோசம். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா அவனுக்கு சோத்தைப் பிசையவே கை வராது, காதல் வேறயா.

மூணாவது: அவனுக்கு அலுப்பா இருந்துச்சு.

இது நிக்குது. இதுலேர்ந்தே போவோம்.

3

அவனுக்கு அலுப்பா இருந்துச்சு. பாலக்கரைலேர்ந்து கைலாசபுரம், கைலாசபுரத்துலேர்ந்து பாலக்கரை. தஞ்சாவூர் ரோட்டுல நேரா போயி நேரா வர்றது. நேராவே ஓடுற வண்டிக்கு டயர் நடுவுல மட்டும்தான் தேயும். ரவுண்டா இருந்த டயரு சப்பையாகி, ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி ஒரு மேடு நிக்கும். அந்த மேட்டுக்கு வெளிய, ஓரத்துல, கடைலேர்ந்து வந்த அன்னைக்கு இருந்த குட்டிக்குட்டி ரப்பர் முடிகூட உதிராம இருக்கும்.

துவாக்குடி தாண்டி ஒரு எடத்துல, தொழிற்பேட்டை வரப்போவுதுன்னு வளைச்சு வளைச்சு தார் ரோடு போட்டாங்க. பேட்டை வரல, ரோடு மட்டும் கெடந்துச்சு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சாறு பேரு அங்க வண்டியைக் கொண்டுபோயி சுத்துவாங்க. ரேஸ்னு பேரு, ஆனா ஜெயிக்கிறது தோக்கிறதெல்லாம் கெடையாது. வளைவுல வண்டியை எவன் எவ்வளவு சாய்க்கிறான், அதுதான் விஷயம்.

இதுக்குப் பெரிய ஆளு ஜெகபர் சாதிக். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்காரு. ஓட்டி முடிச்சதும் ஒவ்வொரு வண்டியா குனிஞ்சு டயரைப் பாப்பாரு. சாய்ச்சவன் டயர்ல ஓரம் சொரசொரன்னு தேஞ்சிருக்கும். சாய்க்காதவன் ஓரம் பளபளன்னு இருக்கும். கைரேகை மாதிரி, வாயால என்ன சொன்னாலும் அது உள்ளதைச் சொல்லிடும்.

போன மாசம் அவரு தைரியராஜ் டயரைப் பாத்துட்டு, நடு சப்பையாயிடுச்சு தம்பி, இதோட வளைவுல படுத்தீங்கன்னா அந்த மேட்டுல ஏறி எறங்கும்போது வண்டி வழுக்கிரும், மெட்ராஸ்லேர்ந்து புது டயர் வர்ற வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னுதான் சொல்லணும்னாரு. அப்புறம் ஓரத்தைக் கட்டைவிரலால தடவிப் பாத்துச் சிரிச்சாரு.

"நீங்க ஓட்டுங்க தம்பி. நீங்கதான் சாய்க்கவே மாட்டீங்களே. வீட்ல தெரியாம இந்தப் பேரை வச்சுட்டாங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. தைரியராஜும் சிரிச்சான்.

(இங்க ஒரு பத்தி இருந்துச்சு, ஞானஸ்நானம் குடுக்கும்போது அவனுக்கு ஏன் அந்தப் பேரு வச்சாங்கன்னு. எடுத்துட்டேன். வச்சது நான்தான். அந்தப் பேரை எழுதும்போதே இந்தக் கிண்டல் வரும்னு எனக்குத் தெரியும்.)

4

ரோசரி அவன் பொண்டாட்டி. ஸ்கூல் டீச்சர். இவ கதைக்கு வேணுமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். உள்ள வந்ததும் அழுதுருவாளோ, போவாதீங்கன்னு கையைப் பிடிப்பாளோன்னு பயம். அவ அப்படியெல்லாம் பண்ணல. வாசப்படில கருப்பா பொடி கொட்டிக் கெடக்கிறதைப் பாத்துட்டு வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்தா.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா."

"சட்டையெல்லாம் மை கொட்டிக்கிட்டு வந்து, நேத்து பூரா படிச்சேன் டீச்சர்ங்குற பசங்க என் க்ளாஸ்ல இருக்காங்க. அவங்களுக்கு வயசு எட்டு."

அவன் உப்புத்தாளை மடிச்சுப் பிடிச்சு டயர் ஓரத்தைத் தேச்சுட்டே இருந்தான். அவ கூட்டி அள்ளிட்டுப் போயிட்டா. ரெண்டு மூணு சாயங்காலம் தேச்சதுல அந்த மேடும் கரைஞ்சு போச்சு. பாத்தா நல்லா ஓட்டித் தேஞ்ச டயர் மாதிரியே இருக்கு.*

அவன் நெனைச்சது இவ்வளவுதான். எப்பவும் போல மெதுவா, நேரா நிமிந்துதான் சுத்தப்போறான். சாதிக் பாய் குனிஞ்சு பாப்பாரு, பாத்துட்டு சிரிக்காம அடுத்த வண்டிக்குப் போவாரு. அது போதும். வழுக்குறதுன்னா அவன் சாய்ச்சாத்தானே? அவன்தான் சாய்க்கப்போறதில்லையே.

* கண்ணுக்குத்தான் அது ரவுண்டு. நடுவுல சப்பை சப்பைதான். இத்தனை நாளா ஓரத்துலயாவது ரப்பரும் வெட்டும் இருந்துச்சு, இப்ப அதுவும் தேஞ்சு மொட்டையாயிடுச்சு. முன்னாடி அந்த டயரைப் பாத்தாலே ஆபத்துன்னு தெரியும். இப்ப தெரியாது. நான் சொல்றதுனால உங்களுக்குத் தெரியும். கதைக்குள்ள அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

5

ஞாயித்துக்கிழமை. கடைசி வளைவுல ஏதோ லாரி மணலைச் சிந்திட்டுப் போயிருந்துச்சு. சாதிக் பாய் அதைக் கூட்டுறதுக்கு அங்க போயிட்டாரு, அப்படியே வர்றவங்களை எச்சரிக்கச் சிவப்புத் துணியோட அங்கயே நின்னுட்டாரு. டயர் பாக்குற வேலையைச் சடகோபன்கிட்ட விட்டாரு.

சடகோபன் ஸ்ரீரங்கத்துக்காரன், பேங்க்ல வேலை. காலேஜ்ல தைரியராஜோட ஒரே பெஞ்ச். இவன்தான் அங்க நெஜமா சாய்ச்சு ஓட்டுற ஆளு, முட்டி தரைல ஒரசும். போன மாசம் உத்ஸவம்னு வரல, அதனால சாதிக் பாய் சப்பை டயரைப் பத்தி சொன்னது எதுவும் அவன் காதுல விழல. இன்னொண்ணு, அந்தக் கூட்டத்துல தைரியராஜை ஒரு தடவைகூட கிண்டல் பண்ணாதவன் அவன் ஒருத்தன்தான்.

தைரியராஜ் ரவுண்டு முடிச்சு வந்ததும் அவன் டயரைக் குனிஞ்சு பாத்தான்.

"டேய், ஓரம் வரைக்கும் தேஞ்சிருக்கே. ஒரு மாசத்துல எங்கேயோ போயிட்டேடா நீ."

தைரியராஜுக்குத் தோள்லேர்ந்து யாரோ மூட்டையை எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. (இந்த வரியை அடிச்சேன், மறுபடி எழுதினேன். பாவம், அவனுக்குன்னு இருக்கிறது இந்த ஒரு வரிதான்.)

அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. சடகோபன் வண்டில கருவேல முள்ளு ஏறி காத்து எறங்கிடுச்சு. நேரா தைரியராஜ்கிட்ட வந்தான். உன் வண்டியைக் குடுடா, ஒரே ஒரு ரவுண்டு, இவ்வளவு சாயற வண்டி எப்படி இருக்குன்னு பாக்கறேன்னான்.

"பெட்ரோல் இல்லடா."

சடகோபன் வண்டியை ஆட்டினான். டேங்க்ல தளக் தளக்குன்னு சத்தம்.

"பிரேக் சரியில்ல."

"வரச்சே நன்னாத்தானேடா நின்னுது? புதுப் பொண்டாட்டிய மாதிரி வண்டிய ஒளிச்சு வெக்கறயே." சொல்லிட்டே ஏறி உக்காந்துட்டான். ஹெல்மெட்டை மாட்டிட்டான்.

6

முடிவுக்கு வந்தாச்சு. கைல மூணு இருக்கு.

ஒண்ணு, சடகோபன் போறான், விழறான். எழுதிப் பாத்தேன். "தூரத்துல சிவப்புத் துணி ஆடுச்சு, அப்புறம் தார்ல இரும்பு இழுக்குற—" அதுக்கு மேல டைப் அடிக்க வரல. ஒருத்தன் எலும்பை ஒடைச்சு இன்னொருத்தனுக்குப் புத்தி சொல்ற கதையைப் படிச்சுப் படிச்சு எனக்கே சலிச்சுப்போச்சு.

ரெண்டு, போறான், ஒண்ணும் ஆவாம வர்றான், பிரமாதமா சாயறதுடாங்கிறான். அடுத்த மாசம் எல்லாரும் தைரியராஜ் சாய்க்கிறதைப் பாக்க வரிசையா நிப்பாங்க. இது எனக்கு முதல் முடிவைவிடப் பயமா இருக்கு.

மூணு, ரோசரி பஸ் பிடிச்சு வந்து எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடறா. கேட்டுப் பாத்தேன். வரமாட்டேன்னுட்டா. தேச்சது அவரு, சொல்ல வேண்டியதும் அவருங்கிறா.

7

சடகோபன் கிக்கரை உதைச்சான். ஒரே உதைல ஸ்டார்ட் ஆயிடுச்சு. (எனக்கு மட்டும்தான் ஆவாது.) கியர் போட்டான். வண்டி நகந்த அந்த நொடில தைரியராஜ் ஓடிப்போயி பின்னாடி கேரியரை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டான். இன்ஜின் இழுத்துப் பாத்துட்டு ஆஃப் ஆயிடுச்சு.

சடகோபன் திரும்பினான். ஹெல்மெட்டுக்குள்ள திருமண் பாதி தெரியுது.

"என்னடா?"

மத்தவங்களும் பேச்சை நிறுத்திட்டு இவனையே பாக்குறாங்க.

நான் இங்கயே நிறுத்திக்கிறேன். கை கேரியர்ல இருக்கிற வரைக்கும் வண்டி போவாது. ஆனா அவன் நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தவன், ரொம்ப நேரம் பிடிக்க மாட்டான். எனக்கும் முடியல. அவன் வாய்ல ஒரு வார்த்தையை நீங்கதான் வைக்கணும். எதை வேணா வைங்க, பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, சடகோபன் எறங்கினா சரி.

ஒண்ணே ஒண்ணு. "சும்மா"வை மட்டும் வைக்க முடியாது. அது மேலசிந்தாமணி ஆளோடது. கொண்டுபோயி திருப்பிக் குடுத்துட்டேன்.