சச்சிதானந்தன் எழுதிய கேஸ்கள்

பள்ளி நாடகத்தில் மகள் துஷாரா நடிக்கிறாள் என்றதும் சச்சிதானந்தன் முதல் வரிசையில் இடம் பிடித்து, பக்கத்தில் நண்பர் யோசேப்பையும் இருத்திக்கொண்டார். கோயில் நிர்வாகசபைத் தலைவரல்லவா, பின்னால் இருந்தால் மதிப்பென்ன! இப்போது ஒஸ்லோவில் வந்திறங்கும் பொடியன்கள் அத்தனை பேரும் இல்லாத கதை சொல்லி அகதி அந்தஸ்துக் கேட்கும் பொய்க் கேஸ்காரர் என்று வழி நெடுக யோசேப்பின் காது புளிக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

நாடகம் ஒரு ஜெர்மன்காரர் எழுதியது. கள்ளருக்கும் கனவான்களுக்கும் உடுப்பில்தான் வித்தியாசம் என்று பாட்டும் கூத்துமாகக் குத்திக்காட்டுவது. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகள் அதை நோர்வேஜிய மொழியில் போட்டார்கள். துஷாராவுக்குப் பிச்சைக்காரர்களின் முதலாளி வேஷம். பிச்சையெடுக்க வந்தவனுக்கெல்லாம் ஆளுக்கொரு சோகக்கதையை விலைக்குக் கொடுத்து, அதை எப்படிச் சொன்னால் ஊர் இரங்கும் என்றும் பழக்கினாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

சச்சிதானந்தன் சட்டென்று யோசேப்பைத் திரும்பிப் பார்த்தார். தொண்ணூறுகளில் நோர்வே அகதி முகாமில் அவர் செய்ததும் இதைத்தான். அகதி விசாரணைக்குப் போகிறவர்களுக்கு அங்கே சொல்ல வேண்டிய கதையை, அதாவது கேஸை, எழுதிக் கொடுத்தார், சும்மா அல்ல, காசுக்கு. மகளுக்கு இது எப்படித் தெரியும்? அவர் எழுதிக் கொடுத்தவர்களில் இன்னும் ஒஸ்லோவில் இருப்பவர் யோசேப்பு ஒருவர்தான். அந்த யோசேப்போ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாடகத்துக்கா சிரிக்கிறான், எனக்கா?

இடைவேளை வந்ததும் குளிர் ஜாக்கெட்டுகள் தொங்கிய மூலைக்கு யோசேப்பைத் தள்ளிக்கொண்டு போனார்.

“என்ர பிள்ளைக்கு நீதானே சொன்னனீ?”

“என்னத்தை?”

“நடிக்காதை! நான் காம்பிலை கேஸ் எழுதி வித்ததை. உன்ர கேஸும் நான் எழுதினதுதான், மறந்திடாதை!”

“உனக்கென்ன விசரோ? நான் ஏன் அவளிட்டை உதுகளைக் கதைக்கப்போறன்?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். திரும்பினால், வேஷத்தோடு துஷாரா நின்றாள். அப்பாவுக்குக் கோப்பி கொண்டுவந்தவள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“என்ன கேஸ் அப்பா?”

அவர் கோப்பியை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“அப்ப உங்கட கதை? சித்தப்பாவை உங்கட கண்ணுக்கு முன்னாலை சுட்டது?” அதை அவள் கட்டுரையாக எழுதி வகுப்பில் அழுதுகொண்டே வாசித்திருக்கிறாள்.

“அது உண்மை, பிள்ளை. ஊரிலை, கோயில் வீதியிலை வைச்சுச் சுட்டவங்கள். என்ர கையைப் பிடிச்சபடிதான் கிடந்தவன். அண்ணா, தண்ணி எண்டு கேட்டவன்…”

அத்தனையும் சத்தியம். அந்த ஒரு சாவைத்தான் அவர் ஊரையும் பேரையும் மாற்றி மாற்றி எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது மகளுக்குச் சொன்னதும் விற்ற அதே சொற்கள்தான்; அதைச் சொல்ல அவரிடம் வேறு சொற்களே இருக்கவில்லை.

“உதைத்தானே நானும் விசாரணையிலை சொன்னனான்,” என்றார் யோசேப்பு, ஒரு வன்மமும் இல்லாமல்.

துஷாரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப செத்தது ஆரின்ர தம்பி, அப்பா?”