புல்லில் ஏறிய துத்தம்

2006 மழைக்குப் பிறகுதான் கருத்தம்மாளின் செம்மறிகள் சாகத் தொடங்கின. காலையில் நன்றாக மேய்ந்த ஆடு பொழுது சாயத் தலை தொங்கி நிற்கும். கண் மஞ்சளிக்கும். மூத்திரம் கறுத்துப் போகும். விடிந்தால் பட்டியில் விறைத்துக் கிடக்கும்.

அவை மேய்ந்தது காமயகவுண்டன்பட்டியில் அவள் தம்பி சுருளிராஜனின் திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்கு அடியில். ஆடுகள் சொட்டுநீர்க் குழாயை மிதித்து உடைப்பதாகத் தம்பி பெண்டாட்டி ஹேமாவதி ஒருநாள் சத்தம் போட்டிருந்தாள். அது போதுமாயிருந்தது.

"புல்லுல மருந்து வச்சவ இவதான்!" கருத்தம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

ஹேமாவதி புருசனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான். அன்றைக்கே அவள் கூடலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கால்நடை டாக்டர் செத்த ஆட்டை அறுத்து, ஈரலைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் தோட்டத்துக்கே வந்து, கருத்தம்மாளை வைத்துக்கொண்டு சுருளிராஜனிடம் சொன்னார்.

"செம்பு விஷம். கொடிக்குப் பூஞ்சை வராம மயில்துத்தம் அடிக்கிறீங்களா?"

"எங்கய்யா காலத்துல இருந்தே. சுண்ணாம்போட கலந்துதான் அடிக்கிறோம்."

"துத்தத்துல இருக்குறது செம்பு. அம்புட்டும் மண்ணுலதான் தங்கியிருக்கு. இத்தனை வருசம் மண்ணு அதைப் புடிச்சு வச்சிருந்துச்சு. இப்ப மண்ணு புளிச்சு அமிலமாயிருச்சு. புளிச்ச மண்ணுல செம்பு கரைஞ்சு வேர்வழியாப் புல்லுல ஏறும். செம்மறிக்குக் கொஞ்சம் கூடுனாலும் தாங்காது. மண்ணுக்கு என்ன ஊத்துனீங்க?"

குழாயில் உப்பு அடைத்ததென்று, உரக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஆசிட் ஓட்டியதைச் சுருளிராஜன் சொன்னான். அடைப்பு நீங்கிய பிறகும் நிறுத்தவில்லை. மண்ணைப் புளிக்கவைக்கும் அமோனியம் சல்பேட் உரம் வேறு மூட்டை மூட்டையாகப் போட்டிருந்தான்.

கருத்தம்மாள் மறுநாள் முதல் பஸ்ஸில் கூடலூர் போனாள்.

"தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. வீட்டுக்கு வா."

ஹேமாவதி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"டாக்டர் சொன்னதால வந்தீக, மதினி. அவரு சொல்லலேன்னா நான் ஆயுசுக்கும் விஷம் வச்சவதானே? நீங்க ஆடு செத்த வேகத்துல பேசுனீக. கூடப் படுத்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலையே."

அவள் வரவில்லை.

கருத்தம்மாள் திரும்பி வந்தபோது, சுருளிராஜன் பந்தலடியில் மண்ணின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தான். வேர் கருகிய கொடிகளில் இலை வெளுத்திருந்தது.

"என்ன சொன்னா?" என்று கேட்டான்.

அவள் மிஞ்சிய ஆடுகளைப் புல்லிலிருந்து விரட்டினாள். ஒன்று மட்டும் நகராமல் தலையைத் தொங்கவிட்டு நின்றது.