பூநாரை பார்க்கப் போன நாள்

தொண்ணூறாம் ஆண்டு சித்திரைப் புதுவருடத்துக்கு மறுநாள் சுண்டிக்குளத்துக்குப் போனோம். நான், மனைவி ஞானாம்பிகை, பத்து வயது மகள் அருந்ததி. இந்திய இராணுவம் போய் மூன்று கிழமை ஆகியிருந்தது. பாதையில் மறிப்பார் இல்லை. சுண்டிக்குளத்தில் பறவைகளுக்கென்று ஒரு சரணாலயம் இருப்பது எங்கள் மிருசுவிலில் பாதிப் பேருக்குத் தெரியாது. அருந்ததிக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பூநாரை நிற்கும்போது வெள்ளை, செட்டையை விரித்தால்தான் சிவப்புத் தெரியுமாம்.

"பறக்கிறதைக் காட்டுவன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

விடிய முன்னரே லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினில் இழுவைப் பெட்டியைக் கொழுவிப் புறப்பட்டோம். என் சட்டைப் பையில் மூன்று சீனவெடிகள் இருந்தன. மாங்காய்க் காலத்தில் கிளி கலைக்க அவை எப்போதும் என்னிடம் இருக்கும். ஆனால் கொளுத்தும் முன் வேலியால் எட்டி, "வெடி போடப்போறன், பயப்பிடாதேங்கோ" என்று அயல் வளவுகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கொளுத்துவோம். சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் பழகிக்கொண்ட மரியாதை அது.

பளையில் கிழக்கே திரும்பி, கட்டைக்காடு கடந்து, ஒன்பது மணிபோல் ஒரு மீனவர் குடியிருப்பின் முதல் வீட்டில் தண்ணீர் கேட்டோம். வீட்டுக்காரி சிசிலியா செம்பை நீட்டியபடியே சொன்னாள்.

"தண்ணி மட்டுமோ? இண்டைக்கு எங்களுக்குப் பாஸ்கு, யேசு உயிர்த்த நாள். சாப்பிட்டுத்தான் போகவேணும்."

ஞானாம்பிகை தயங்கினாள். "நாங்கள் மீன் மச்சம்..."

"தெரியுமக்கா. மூண்டு கோடு போட்டு நெத்தியிலை எழுதித்தானே வைச்சிருக்கிறியள்! புதுச்சட்டி ஒண்டு கிடக்கு. பருப்பும் கத்தரிக்காயும் தனிய வைக்கிறன்."

வழிகாட்டத் தன் மகள் அற்புதராணியையும் அனுப்பினாள். அருந்ததியின் வயதுதான். அவள் எங்களைத் தாழம்புதர்களுக்கு அப்பால் கூட்டிப்போனாள். உப்புநீர்க் களப்பின் மறுபக்கத்தில், சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல, பூநாரைகள் நின்றன.

"கிட்டப் போகேலாது, சேறு. இருந்து பாருங்கோ மாமா. காத்துத் திரும்பினால் தாங்களாவே எழும்பும்."

"காத்து எப்ப திரும்பும்?"

"அது காத்துக்கெல்லோ தெரியும்!"

ஒன்றரை மணி நேரம் இருந்தோம். வெயில் ஏறியது. கோடு அசையவில்லை. அருந்ததி எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"அப்பா, இது கொக்குத்தான். எங்கடை வயலிலையே நிக்குது."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. பொழுதுபடுமுன் வீடு திரும்பவும் வேண்டும். நான் புதருக்குப் பின்னால் போய், ஒரு வெடியை எடுத்துத் திரியில் நெருப்பு வைத்து எறிந்தேன்.

வெட்டவெளியில் அது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக முழங்கியது. களப்பு முழுவதும் ஒன்றாக எழுந்தது. நூற்றுக்கணக்கான செட்டைகள், செம்பருத்திச் சிவப்பும் கரிக்கறுப்புமாய், வானத்தை மறைத்தன. "பார் பிள்ளை, பார்!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன்.

அருந்ததி மேலே பார்க்கவில்லை. அற்புதராணி சேற்றில் குப்புறக் கிடந்தாள். முழங்கைகளை ஊன்றி, இரண்டு காதுகளையும் பொத்தி, பின்னல் நுனியைப் பற்களுக்கிடையில் கடித்திருந்தாள். குண்டு விழும்போது எப்படிக் கிடக்க வேண்டுமென்று பழக்கியிருந்தார்களோ, அப்படியே கிடந்தாள். குடியிருப்புப் பக்கம் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பதுங்குகுழிகளுக்கு ஓடினார்கள்.

ஞானாம்பிகைதான் அற்புதராணியைத் தூக்கி நிறுத்தினாள். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது சிசிலியா குசினி வாசலில் இருந்தாள். கஞ்சி வடித்துக்கொண்டிருந்த பானை கைநழுவி வலது பாதம் வெந்துபோயிருந்தது. பாஸ்குச் சோறு மண்ணில் கிடந்தது. அதை உண்ண அவர்கள் நாற்பது நாள் தவசு இருந்திருந்தார்கள்.

அவளுடைய கணவன் கனிசியஸ் கடற்கரையிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"எங்கை விழுந்தது? ஐயா, நீங்கள் கண்டனீங்களோ?"

மிச்ச இரண்டு வெடியும் பைக்குள் நெஞ்சில் முட்டின.

சேறு அப்பிய முகத்தோடு அற்புதராணி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தகப்பனிடம், "ஒண்டுமில்லையப்பா. இவையின்ரை மிசின் ரயர் வெடிச்சது" என்றாள்.

"ரயரோ! அட, நான் ஒற்றைச் செருப்போடை ஓடி வாறன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் முகம் கூசுகிறது.

கனிசியஸ் மற்ற வீடுகளுக்குச் சொல்லப் போனார். ஞானாம்பிகை துணியை நனைத்துச் சிசிலியாவின் காலில் சுற்றினாள். என்னைப் பார்க்கவே இல்லை. சிசிலியா நொண்டி நொண்டி மறுபடி உலை வைத்தாள்.

ஒரு மணிக்கு எங்களை இருத்திப் பரிமாறினாள். எங்களுக்குப் புதுச்சட்டிப் பருப்பு. அருந்ததி கை வைக்கவில்லை.

"ஏன் பிள்ளை, உறைக்குதோ?" என்று சிசிலியா கேட்டாள்.

"அப்பா முதல் சொல்லட்டும். பிறகு சாப்பிடுறன்."

என் மகள் அப்படிச் சொல்லியிராவிட்டால் நான் சாப்பிட்டுக் கைகழுவி, நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். கோயிலுக்குத் தவறாமல் போகிறவன் நான்.

இரண்டு வெடிகளையும் எடுத்துப் பாயில் வைத்தேன்.

"தங்கச்சி, ரயர் இல்லை. நான்தான் கொளுத்தினனான். பறவையை எழுப்ப. உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்."

சிசிலியா பருப்பு அகப்பையை இறக்கவில்லை.

"தெரியுமண்ணை. மிசினுக்கு ரண்டு, பெட்டிக்கு ரண்டு. நாலு ரயரும் காத்தோடைதானே வாசலிலை நிக்குது."

"பிறகேன் எங்களுக்குச் சமைச்சனீங்கள்?"

"முதல் சமைச்சது கொட்டிப்போச்செல்லோ?" என்றாள். பருப்பை என் சோற்றில் ஊற்றியபடி, "பாஸ்கு நாளிலை வந்த ஆக்களைப் பசியோடை விடுறதே? சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

ஏற்கெனவே திரும்பியிருந்த கனிசியஸ் பாயடிக்குக் குனிந்தார். வெடிகளை எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். அதன்பின் என் பக்கம் கத்தரிக்காய்க் கறியைத் தள்ளிவைத்தார்.

கிணற்றடியில் பிள்ளைகள் இருவரும் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவர்கள் கதைப்பது கேட்டது.

"எல்லாம் பறந்ததெல்லோ, கண்டனியே?" என்று அற்புதராணி கேட்டாள்.

"இல்லை. நான் உன்னையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நானும் காணேல்லை. சேத்தைத்தான் கண்டனான்."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் காற்றுத் திரும்பும்வரை இருந்து பார்ப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. நாங்கள் பிறகு அங்கே போகவில்லை.

அன்று பூநாரைகள் பறந்ததைக் கண்டவன் நான் ஒருவன்தான். அழகாகத்தான் இருந்தது. முருகனுக்கு முன்னால் கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்பு வரும். அதன் பின்னாலேயே, சேற்றில் பதிந்த இரண்டு சின்ன முழங்கைகளின் குழிகளும் வரும்.